திருமுக்கூடல் காட்டும் பணிப் பங்கீடு

11ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராஜேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையைப் பதிவு செய்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்கள், நாவிதர், நீர் சுமப்பவர் எனப் பலதரப்பட்டோர் அங்கே சேர்ந்து உழைத்தனர். ஒவ்வொருவரின் வேலையும் ஊதியமும் கல்லில் பொறிக்கப்பட்டதால், யார் எதற்குப் பொறுப்பு என்ற பூசலுக்கு இடம் குறைந்திருக்கும் என்பதே என் வாதம்.

மருத்துவருக்கு 90 கலம் நெல், நாவிதருக்கு 15 கலம் என்ற ஏற்றத்தாழ்வே மனக்கசப்பை வளர்க்காதா என்று கேட்கலாம். கல்வெட்டு சமத்துவம் பேசவில்லை, உண்மைதான். ஆனால் கடைநிலை ஊழியரின் உரிமையும் மேலவர் விருப்பத்துக்கு விடப்படாமல் ஊரறியப் பதிவாயிற்று. இன்றைய மருத்துவக் குழுக்களுக்கும் எழுதிவைத்த பொறுப்பு வேண்டும். அன்று கிடைக்காத சம மரியாதையும் வேண்டும்.