மண்பானை சொல்லும் வரலாறு

செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த புஞ்சாக் ஆலாம் பக்கம் பாம்பு புதிதல்ல. "வளர்க்கணும்னா எதுல வைக்கிறது சார்?" என்று கேட்கும் மாணவர்களும் உண்டு. தமிழ்நாட்டு இருளர் வரலாற்றில் இதற்கு விடை இருக்கிறது.

இருளர்கள் தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1972இல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னர் தோல் ஏற்றுமதியும் தடையானது. பிழைப்பே போச்சு! ரோமுலஸ் விட்டேகரின் துணையோடு 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றிலிருந்து விஷமுறிவு மருந்துக்காக நஞ்செடுத்தார்கள்.

அதுவரை பாம்புகளை எதில் வைத்தார்கள்? மண்பானையில்தான். அடியில் மணல், வாயில் துணிக்கட்டு. உள்ளே இருட்டு, பாம்பு மிரளாது. துணி வழியே காற்று வரும், சுடுமண் குளுமை தரும். சில வாரங்களில் பாம்பு காட்டுக்கே திரும்பிவிடும்.

பானை சில வாரத் தங்கலுக்குத்தான். நெடுநாள் வளர்க்கும் கூண்டில் உடலை நீட்ட இடம், ஒளிய மறைவு, ஒரு பக்கம் வெதுவெதுப்பு, மறுபக்கம் குளிர்ச்சி, உறுதியான பூட்டு எல்லாம் வேணும். மலேசியாவில், 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, மலைப்பாம்பு வளர்க்க உரிமமும் தேவை.

கண்ணாடிப் பெட்டி நம் கண்ணுக்கு வசதி. இருளர்கள் பாம்பின் வசதியைப் பார்த்தார்கள். கூண்டு வாங்குமுன் மாணவர் கற்க வேண்டியது அதைத்தான்.