அசல் எது? எம்.ஜி.பி. காரும் அதனைத் திருத்தியோரும்

யாழ்ப்பாணத்தில் 1990களின் முற்பகுதியில் வாழ்ந்தவர்களுக்கு ஒஸ்ரின் ஏ40 கார் மண்ணெண்ணெயில் ஓடிய கதையைச் சொல்லத் தேவையில்லை. பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத காலம் அது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை இயக்குவார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். உள்ளே மணமக்களோ நோயாளியோ இருப்பர். பின்னால் புகை எழும். அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறதா என்று எவரும் கேட்டதில்லை. ஓடுகிறதா என்பதே கேள்வியாக இருந்தது.

அதே குடும்பத்தில் பிறந்த இன்னொரு கார் உண்டு. அதனை வைத்திருப்போர் மத்தியில் ‘அசல்’ என்ற ஒரு சொல்லின் பேரில் பல தசாப்தங்களாக வழக்கு நடக்கின்றது. பழைய விளையாட்டுக் காரை வாங்கியவர் அதனை வந்தபடியே பேணவேண்டுமா, அல்லது வீதிக்கும் பந்தயத் தடத்துக்கும் ஏற்பத் திருத்தலாமா என்பதே அவ்வழக்கு. எம்.ஜி.பி. என்னும் அந்தக் காரின் வரலாற்றை அறிந்தால் வழக்கின் முகம் சற்று மாறித் தோன்றும்.

முதலில் உறவுமுறையைச் சொல்லிவிடுகிறேன். ஏ40 ஐ உற்பத்தி செய்த ஒஸ்ரின் நிறுவனமும் மொரிஸ் குழுமமும் 1952 இல் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேசன் ஆயின. இக்குழுமத்தின் ‘பி வரிசை’ இயந்திரம் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் ஆகிய கார்களில் பொருத்தப்பட்டது. ஒக்ஸ்போர்ட்டின் வழிவந்த இந்திய அம்பாசிடரிலும் அதுவே நெடுங்காலம் இருந்தது. அம்பாசிடரின் உற்பத்தி 2014 இல் நின்றது. அந்த இயந்திரத்தையே 1,798 சி.சி. ஆகப் பெருக்கி, இரண்டு எஸ்.யு. காபரேற்றர்களைப் பூட்டி, ஏறத்தாழ 95 குதிரைவலுவை வரவழைத்து 1962 இல் எம்.ஜி.பி.யில் வைத்தார்கள். சென்னையிலோ கொழும்பிலோ அம்பாசிடரையும் கேம்பிரிட்ஜையும் கழற்றிப் பூட்டிய ஒரு மெக்கானிக் எம்.ஜி.பி.யின் முன்மூடியைத் திறந்தால் அந்நியமான எதையும் காணமாட்டார்.

எம்.ஜி. என்ற பெயரே திருத்தவேலையில் பிறந்ததுதான். ‘மொரிஸ் கராஜஸ்’ என்பது வில்லியம் மொரிஸுக்கு ஒக்ஸ்போர்ட் நகரில் இருந்த விற்பனை நிலையம். 1922 இல் அதன் முகாமையாளரான செசில் கிம்பர், சாதாரண மொரிஸ் கார்களின் உடலைக் கழற்றி அழகான புதிய உடல்களைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். பின்னர் அவற்றின் இயந்திரத்திலும் கைவைத்தார். 1929 இல் நிறுவனம் அபிங்டன் என்னும் சிறு நகருக்கு இடம்பெயர்ந்தது. ஆக, பிறர் ஆக்கிய காரைத் திருத்திய ஒருவரே எம்.ஜி.யின் தந்தை. இதனை மறந்துவிட்டு ‘அசல்’ பேசுவோரைக் காணும்போது எனக்குச் சற்று வியப்பு ஏற்படுவதுண்டு.

சிட் எனவர் என்ற பொறியியலாளரின் தலைமையில் உருவான எம்.ஜி.பி.க்குத் தனியான சட்டகம் இல்லை. உடலே சட்டகம். அபிங்டன்காரர் அதனை விற்பனைக்கு விட்டதோடு நிற்கவில்லை, பந்தயத்துக்கும் கொண்டுசென்றனர். 1963 இல் பிரான்சின் லு மான் 24 மணித்தியாலப் பந்தயத்தில் பாடி ஹொப்கர்க், அலன் ஹட்சிசன் ஆகியோர் ஓட்டிய கார் தொடக்கத்திலேயே மணலில் புதைந்தது. அதனைத் தோண்டி எடுக்க ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் பிடித்தது. இருந்தும் அது 12ஆவது இடத்தில் முடித்தது. 1966 இல் ஜெர்மனியின் நூர்பேர்க்ரிங் தடத்தில் 84 மணித்தியாலம் ஓடிய மரதன் பந்தயத்தில் வெர்நேவ், ஹெட்ஜஸ் இருவரும் எம்.ஜி.பி.யிலேயே முதலிடம் பெற்றனர். வேகமான கார் என்பதைக் காட்டிலும் நின்றுபிடிக்கும் கார் என்ற பெயரையே இது சம்பாதித்தது.

இங்கு கவனிக்கவேண்டிய செய்தி வேறொன்று. அபிங்டனில் 1960களில் ‘ஸ்பெஷல் ரியூனிங்’ என்றொரு தனிப் பிரிவு இயங்கியது. பந்தயக் கார்களில் பரீட்சித்த பாகங்களையும் அவற்றைப் படிப்படியாகப் பொருத்தும் வழிகாட்டல்களையும் அது பொதுமக்களுக்கு விற்றது. வேறு கம் தண்டு, மெருகேற்றிய சிலிண்டர் தலை, எஸ்.யு. காபரேற்றருக்குப் பதிலாக வெபர், இறுக்கமான ஸ்பிறிங் எனப் பட்டியல் நீண்டது. தொழிற்சாலையே தனது காரைத் திருத்தச் சொல்லிக் கைநூல் கொடுத்த பின்னர், திருத்திய காரை அசலல்ல என்று தள்ளுவது எங்ஙனம்?

வெளியில் திருத்தியவனைப் பார்த்துத் தொழிற்சாலை கற்றுக்கொண்ட கதையும் உண்டு. 1970 அளவில் கென் கொஸ்ரெலோ என்ற பந்தயக்காரர் எம்.ஜி.பி.க்குள் ரோவர் நிறுவனத்தின் அலுமினிய வி8 இயந்திரத்தைப் புகுத்தி விற்றார். எட்டுச் சிலிண்டர், 3,528 சி.சி. ஆயினும், வார்ப்பிரும்பாலான பழைய நான்கு சிலிண்டர் இயந்திரத்தின் எடைதான் ஏறக்குறைய அதற்கும். அப்போதைய உரிமையாளரான பிரிட்டிஷ் லேலண்ட் நிர்வாகம் அவரது காரை வரவழைத்துப் பார்த்தது. 1973 இல் எம்.ஜி.பி. ஜி.ரி. வி8 என்ற பெயரில் தானே ஒன்றைச் சந்தைக்கு அனுப்பியது. மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 2,600 கார்கள் மட்டுமே வெளிவந்தன. இன்று அவற்றைச் சேகரிப்போர் ‘அசல் தொழிற்சாலை வி8’ என்று போற்றுவதைக் கொஸ்ரெலோ ரசித்திருக்கக்கூடும்.

அடுத்து வந்தது துயரமான பகுதி. எம்.ஜி.பி.யின் பெரும் சந்தை வட அமெரிக்கா. அங்கு மோதல் பாதுகாப்பு விதிகளும் புகை விதிகளும் இறுகின. அவற்றுக்கு ஈடுகொடுக்க 1974 இன் பிற்பகுதியில் குரோமியப் பம்பரை நீக்கிக் கனத்த கறுப்புப் பம்பரைப் பொருத்தினார்கள். விளக்கும் பம்பரும் விதித்த உயரத்தை எட்டவேண்டும் என்பதற்காகக் காரையே ஓர் அங்குலத்துக்கும் மேல் உயர்த்தினார்கள். வளைவில் உடல் சாய்வதைத் தடுக்கும் முன்கம்பியையும் சிலகாலம் எடுத்துவிட்டார்கள். உயர்ந்த கார் வளைவுகளில் சாயத் தொடங்கியது. அமெரிக்கக் கார்களுக்கு இரட்டைக் காபரேற்றரும் போய் ஒற்றைக் காபரேற்றர் வந்தது. வலுவில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கரைந்தது. இவையெல்லாம் தொழிற்சாலை செய்தவை, ஆகவே அசல். அதே காரை வாங்கிய ஒருவர் அதன் உயரத்தைக் குறைத்து, பழைய பம்பரையும் இரட்டைக் காபரேற்றரையும் மீளப் பொருத்தினால் அது ‘மாற்றப்பட்ட கார்’. வடிவமைத்த எனவர் இவ்விரண்டில் எதனைத் தன் கார் என்று ஏற்றிருப்பார்?

1979 செப்டெம்பரில் அபிங்டன் நகரம் எம்.ஜி. அங்கு வந்த ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடியது. கொண்டாட்டம் முடிந்த கையோடு, செப்டெம்பர் 10 ஆம் திகதி, மூடும் அறிவித்தல் வந்தது. பவுண் நாணயத்தின் மதிப்பு ஏறியதால் அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு காரிலும் நட்டம் என்றது நிர்வாகம். அஸ்ரன் மார்ட்டின் சார்பில் ஒரு குழு வாங்க முயன்று தோற்றது. 1980 ஒக்டோபரில் கதவுகள் மூடின. அதற்குள் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட எம்.ஜி.பி.க்கள் உலகெங்கும் போயிருந்தன.

தொழிற்சாலை போனபின் காரைக் காப்பாற்றுவது உரிமையாளரின் தலையில் விழுந்தது. முதல் எதிரி கறள். இயந்திரம் பழுதானால் இறக்கிச் செய்துகொள்ளலாம். கறளோ காரின் எலும்பைத் தின்னும். கூரையில்லாத எம்.ஜி.பி.யின் பலம் முழுவதும் கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் ‘சில்’ என்ற பெட்டிபோன்ற உருக்குப் பகுதியிலேயே உள்ளது. வெளித்தகட்டைப் பார்த்தால் பளபளப்பாக இருக்கும். உள்ளே மூன்று அடுக்கும் உக்கியிருக்கும். வாங்கப் போகிறவருக்கு அனுபவசாலிகள் சொல்லும் சோதனை எளிது: காரை ஜக்கில் ஏற்றிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பார்க்கவேண்டும். இறுகினால் நடு முதுகு முறிந்துவிட்டது என்று பொருள். அதைத் திருத்தும் ரிங்கரிங் வேலையிலும் ஒரு கண்ணி உண்டு. கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி ஒட்டி உடலை அசையாமல் நிறுத்திவிட்டே பழைய சில்லை வெட்டவேண்டும். அவசரக்காரன் வெட்டிவிட்டால் உடல் மடியும். பிறகு கதவு என்றைக்கும் பொருந்தாது.

இந்தக் கறளே ஓர் அதிசயத்துக்கும் வழிவகுத்தது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் எம்.ஜி.பி.யின் பழைய அச்சுக்களைத் தேடிச் சேர்த்து 1988 இல் முழு உடலையும் புதிதாக வார்க்கத் தொடங்கியது. உக்கிய காரின் இயந்திரம், அச்சு, இருக்கை எல்லாவற்றையும் புதிய உடலுக்கு மாற்றினால் பழைய கார் மறுபிறவி எடுக்கும். ரோவர் நிறுவனம் இதே உடலை அடிப்படையாக வைத்து 1992 இல் ஆர்.வி.8 என்ற காரையே வெளியிட்டது. ஏறத்தாழ இரண்டாயிரம் கார்கள். பெரும்பகுதி ஜப்பானுக்குப் போனது. உதிரிப்பாகத்திலிருந்து ஒரு புதிய கார் பிறந்த கதை மோட்டார் உலகில் அரிது.

உடல் சீரான பின்னர்தான் மற்றவை. பலர் இங்கேதான் வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள். முதலில் வலுவைக் கூட்டிவிட்டுப் பிறேக்கைப் பற்றிப் பிறகு யோசிப்பர். முன்சில்லைத் தாங்கித் திரும்பும் ‘கிங்பின்’ 3,000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் கேட்கும். அதைக் கொடுக்காமல் வெபர் காபரேற்றருக்குப் பணம் செலவழிப்பது வீண். காலமும் சில திருத்தங்களைக் கட்டாயமாக்கிவிட்டது. பிரித்தானியாவில் ஈயம் கலந்த பெற்றோலின் பொது விற்பனை 2000 ஆம் ஆண்டு தொடங்கியதோடு முடிவுக்கு வந்தது. அந்த ஈயமே வெளியேற்று வால்வின் இருக்கையைத் தேய்வினின்று காத்துவந்தது. அதனால் சிலிண்டர் தலையில் கடின உலோக வளையங்களைப் பதிக்கவேண்டி வந்தது. 2021 செப்டெம்பரில் பத்து வீதம்வரை எதனோல் கலந்த பெற்றோல் அங்கு வழமையானபோது பழைய இறப்பர்க் குழாய்களையும் மாற்றவேண்டி வந்தது. நவீன ஒயிலில் துத்தநாகச் சேர்க்கை குறைந்துவிட்டதால் பழைய கம் தண்டுக்கு ஏற்ற ஒயிலைத் தேடி வாங்கவேண்டும். எதையும் மாற்றாமல் வைத்திருப்பேன் என்பவரின் காரும் மெல்ல மெல்ல மாறியே தீரும்.

விருப்பத்தின்பேரில் செய்பவையும் உண்டு. பொயின்றுக்குப் பதிலாக இலத்திரனியல் தீமூட்டல், பழைய நெம்புகோல் சொக் அப்சோபருக்குப் பதிலாகக் குழாய் வடிவிலானவை, நான்கு கியர் பெட்டிக்குப் பதிலாக ஃபோர்ட் அல்லது மஸ்டாவின் ஐந்து கியர் பெட்டி ஆகியன பரவலாகச் செய்யப்படுவன. நெடுஞ்சாலையில் நாள் முழுதும் ஓட்டுபவருக்கு இவை ஆறுதல். பந்தயத் தடத்துக்கு வந்தால் நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறான காட்சி தெரியும். வரலாற்றுக் கார்ப் பந்தயங்களில் சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் ‘பின்னிணைப்பு கே’ என்ற விதித்தொகுதி ஆள்கிறது. 1965 இன் எம்.ஜி.பி. என்றால் அக்காலத்தில் அங்கீகரித்த பாகங்களே இருக்கவேண்டும். வெபர் காபரேற்றர் ஆகும். அக்காலப் பந்தயக் கார்களில் அது இருந்தது. குழாய் வடிவ சொக் அப்சோபர் ஆகாது, நெம்புகோலே வேண்டும். உயிர்காக்கும் கூண்டும் இருக்கைப் பட்டியும் மாத்திரம் இன்றைய தரத்தில். வீதியில் ஓட்டுபவருக்குள்ள சுதந்திரம் பந்தயக்காரருக்கு இல்லை!

இறுதியில் அரசாங்கமும் இந்த வழக்குக்குள் வந்து சேர்ந்தது. நாற்பது ஆண்டு கடந்த கார்களுக்கு வருடாந்த எம்.ஓ.ரி. தகுதிப் பரிசோதனை தேவையில்லை என 2018 மே மாதம் பிரித்தானியா விதித்தது. ஆனால் முந்திய முப்பது ஆண்டுகளுக்குள் ‘கணிசமாக மாற்றப்பட்ட’ கார்களுக்கு இவ்விலக்கு இல்லை. மாற்றப்படவில்லை என்று உரிமையாளரே கையொப்பமிட்டுக் கொடுக்கவேண்டும். எது கணிசமான மாற்றம் என்பதை விளக்க அதிகாரிகள் ஒரு வழிகாட்டலும் வெளியிட்டனர். அசல் வடிவிலான மாற்று உடல் குற்றமில்லை. பாகம் கிடைக்காமையால் காரைக் காக்கச் செய்த மாற்றமும் குற்றமில்லை. அச்சிலும் ஓட்டப் பகுதியிலும் பாதுகாப்புக்காகச் செய்த மேம்பாடும் ஏற்கப்படும். அவ்வகைக் கார் உற்பத்தியில் இருந்த காலத்திலோ, உற்பத்தி நின்ற பத்தாண்டுக்குள்ளோ வழக்கில் இருந்தது என நிறுவக்கூடிய மாற்றத்துக்கும் அதில் இடம் வைத்திருந்தார்கள். ஸ்பெஷல் ரியூனிங்கின் பழைய பட்டியல்களையும் கொஸ்ரெலோவின் விளம்பரங்களையும் தூசு தட்டி எடுத்துவைக்க உரிமையாளர்களுக்கு இவ்வாறு ஒரு சட்டக் காரணமும் கிடைத்தது.