தஞ்சாவூர்ப் பெண்ணும் வேம்பநாட்டுக் காயலும்

நான் இப்போது குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் சாஸ்கடூனில் (கனடா, பிப்ரவரியில் மைனஸ் முப்பது, அந்தப் புலம்பல் இன்னொரு நாளைக்கு) நாலு பேர் காப்பிக்குக் கூடினால் ஒருவராவது தாத்தா, பாட்டி நிலம் பிடித்த கதையை ஆரம்பித்துவிடுவார். 1872-ல் கனடா அரசு ஒரு சட்டம் போட்டது. பத்து டாலர் கட்டினால் 160 ஏக்கர். மூன்று வருஷம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, உழுது காட்டினால் பட்டா. புல்வெளியைப் பொன்விளையும் பூமியாக்கிய புருஷன் பெண்டாட்டி படம் இங்கே ஊருக்கு ஊர் மியூசியத்தில் தொங்குகிறது. க்ரீ இன மக்களுடன் 1876-ல் போட்ட ஆறாம் ஒப்பந்தத்தைப் பற்றி அதே மியூசியத்தில் அடுத்த அறையில் போய்த்தான் படிக்க வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் திருவனந்தபுரம். இந்தக் கதைகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது பழைய திருவிதாங்கூரின் ஒரு குடும்பம். பேக்கர் குடும்பம். பேரைக் கேட்டு வெள்ளைக்காரக் கதை என்று ஓடிவிடாதீர்கள், இதில் தஞ்சாவூர் இருக்கிறது.

ஹென்றி பேக்கர் சர்ச் மிஷன் சங்கத்தின் பாதிரியார். 1819-ல் கோட்டயம் வந்தார். அவர் மனைவி அமேலியா டோரத்தியா கோல்ஹாஃப். அமேலியாவின் தாத்தா 1737-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார். அப்பா ஜான் காஸ்பர் கோல்ஹாஃப் தரங்கம்பாடியிலேயே பிறந்தவர், தஞ்சாவூரில் பேர்பெற்ற ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் வளர்ந்து அவருக்குப் பின் அந்தச் சபையைப் பார்த்துக்கொண்டவர். அப்படியானால் அமேலியா காவிரிக்கரையில் மூன்றாம் தலைமுறை. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை என்பது என் துணிபு. புருஷனைவிட அவர்தான் இந்த மண்ணின் மனுஷி.

கோட்டயத்தில் அவர் செய்த முதல் காரியம் பெண் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஆரம்பித்தது. வீட்டோடு சேர்ந்த பள்ளிக்கூடம். அந்தக் காலத்தில் பெண்ணைப் படிக்க அனுப்பு என்று கேட்டால் என்ன பதில் வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1866-ல் கணவர் போய்ச் சேர்ந்தார். அமேலியா ஊரை விட்டுப் போகவில்லை. 1888-ல் சாகும்வரை, ஏறத்தாழ எழுபது வருஷம், கோட்டயம்தான். அவருக்குப் பின் குடும்பத்துப் பெண்களே பள்ளியை நடத்தினார்கள். பேக்கர் பெயரில் அந்தப் பள்ளி இன்றைக்கும் ஓடுகிறது. மலையாள அச்சுக்கு பெஞ்சமின் பெய்லி என்று பத்து தரம் சொல்லும் நம் ஆட்கள் இந்த அம்மாளை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு உறுத்தும் விஷயம்.

பிள்ளைகளில் மூத்த ஹென்றி மலை ஏறினார். முண்டக்கயம் பக்கம் மலை அரயர்களிடையே வேலை செய்து, 1862-ல் அவர்களைப் பற்றி ஒரு சிறு புத்தகமும் எழுதினார். இன்னொரு மகன் ஜார்ஜ் தண்ணீருக்குள் இறங்கினார். நிஜமாகவே தண்ணீருக்குள்தான்!

கோட்டயத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டரில் குமரகம். வேம்பநாட்டுக் காயலின் கிழக்குக் கரை. அங்கே ஆழம் குறைந்த காயலையும் சதுப்பையும் மகாராஜா அரசிடம் கேட்டு வாங்கி, வரப்பு போட்டு வயலும் தோப்பும் ஆக்கினார் ஜார்ஜ் பேக்கர். ஐந்நூறு ஏக்கர் என்று சொல்வார்கள். 1881-ல் அங்கேயே பங்களா.

காயலில் நிலம் எடுப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்காக: முதலில் தண்ணீருக்குள் தென்னை, மூங்கில் கழிகளை இரண்டு வரிசையாக அடிப்பார்கள். உள்பக்கம் மூங்கில் தட்டி. நடுவில் மணலும் சுள்ளியும் போட்டு, மேலே களிமண் கட்டிகளை அடுக்குவார்கள். அந்தக் களிமண் எங்கிருந்து வரும்? காயலின் அடியிலிருந்து. ஆள் மூச்சடக்கி முங்கி வெட்டி, வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். வரப்பு முடிந்ததும் உள்ளே நிற்கும் தண்ணீரைக் காலால் மிதிக்கும் சக்கரத்தால் இறைக்க வேண்டும். ஒரு நாள் இரண்டு நாளில்லை, ராப்பகலாக. பம்புகள் வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். கடைசியில் வயல் காயல் மட்டத்துக்குக் கீழே இருக்கும். எங்கேயாவது மடை உடைந்தால் நெல் போச்சு, உப்புத் தண்ணீர் ஏறினால் அடுத்த விளைச்சலும் சந்தேகம்.

இதையெல்லாம் பேக்கர் தனியாகவா செய்தார்? குட்டநாடு முழுக்க இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் புலையர்கள். 1855 வரை அவர்களில் பலர் சட்டப்படியே அடிமைகள், நிலத்தோடு விற்கப்பட்டவர்கள். அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி 1847-ல் மகாராஜாவுக்கு மனு போட்டவர்கள் இந்த மிஷன் பாதிரியார்கள்தான், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் சட்டம் மாறியும் நிலம் கைமாறவில்லை. 1865-ல் அரசுப் பாட்ட நிலத்தில் குடியானவர்களுக்கு முழு உரிமை தந்து திருவனந்தபுரத்திலிருந்து வந்த விளம்பரத்தை 'குடியானவர்களின் மாக்னா கார்ட்டா' என்றெல்லாம் புகழ்வார்கள். அந்தக் 'குடியானவர்' பட்டியலில் முங்கி மண் எடுத்தவன் கிடையாது. பேக்கர் வீட்டு வம்சாவளியை என்னால் நாலு தலைமுறைக்குச் சொல்ல முடிகிறது. வரப்புக்கட்டியவர்களில் ஒருவர் பெயர்கூடச் சொல்ல முடியவில்லை.

பின்னால் இதே தொழிலில் பெரிய ஆளானவர் முரிக்கன் என்கிற ஜோசப். 1940-களில் சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்று ராஜகுடும்பத்துப் பெயர்களை வைத்துக் காயல் நடுவில் நிலம் எடுத்தவர். அவர் கதைக்குத் தனிப் பதிவே வேண்டும்.

பேக்கர்கள் நாலு தலைமுறை குமரகத்தில் இருந்துவிட்டு 1962-ல் கிளம்பினார்கள். வீடு பாழடைந்தது. அருந்ததி ராயின் 1997 நாவலில் வரும் வரலாற்று வீட்டுக்கும் கரி சாயிப்புக்கும் மூலம் இதுதான் என்பார்கள். நாவலில் சாயிப்புக்கு வரும் முடிவு மட்டும் கற்பனை, குழப்பிக்கொள்ள வேண்டாம். பங்களா இப்போது நட்சத்திர ஓட்டல். தோட்டத்தின் ஒரு பகுதி 14 ஏக்கர் பறவைகள் சரணாலயம். கரை அரிக்காமலிருக்க நட்ட கண்டல் மரங்களில் நீர்க்காகம் கூடு கட்டுகிறது.