கோரக்கர் மூலியும் நம் தோட்டத்துப் பிள்ளைகளும்

 

திருவிழா வேலைக்கு வரும் தம்பிமார் சிலர் நம்மிடம் கேட்கிறார்கள்: "அண்ணே, சிவனே கஞ்சா குடிக்கிறவர்தானே? முனீஸ்வரருக்குச் சுருட்டு வைக்கிறோம், இது மட்டும் என்ன தப்பு?" அதட்டி அனுப்பிவிடலாம். ஆனா பதில் தெரியாம அதட்டினா அவன் வேற ஆளிடம் போய்க் கேட்பான். அதனால இந்த வாரம் இந்தச் செடியின் வரலாற்றைப் பார்ப்போம்.

சித்த மருத்துவத்தில் கஞ்சாவுக்குக் கோரக்கர் மூலி என்று ஒரு பெயர் உண்டு. பதினெண் சித்தர்களில் ஒருவரான கோரக்கரின் சமாதி நாகப்பட்டினம் அருகே வடக்குப் பொய்கைநல்லூரில் இருக்கிறது. நம் பாட்டன்மார் பலர் பினாங்குக்குக் கப்பலேறியதும் அதே நாகப்பட்டினத்தில்தான். சித்த வைத்தியர் அந்த இலையை அப்படியே கொடுக்கமாட்டார். சுத்தி செய்து, மற்ற சரக்கோடு சேர்த்து, நோய்க்கு அளவு பார்த்துக் கொடுப்பார். அது மருந்துப்பெட்டியில் இருந்த பொருள். வடக்கே காசியில் சிவராத்திரிக்குப் பாங்கு குடிப்பது உண்மைதான். நம் சிவன் கோயில்களில் பிரசாதம் என்றால் திருநீறும் வில்வமும்தான்.

வெள்ளைக்காரன் காலத்தில் இது வரிப்பணமாக மாறியது. 1893-ல் அமைத்த இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து 1894-ல் அறிக்கை கொடுத்தது. அப்போது சென்னை மாகாணத்தில் வட ஆற்காடு ஜவ்வாது மலையிலும் கிருஷ்ணா மாவட்டத்திலும் பயிர் நடந்தது. வங்காளத்தில் ஆண் செடியை அடையாளம் கண்டு பூக்கும் முன்னே பிடுங்கி எறியத் தனி ஆள் வைத்திருந்தார்கள். பெண் செடி விதை பிடிக்காமல் நின்றால்தான் பூவில் பிசின் கூடும், போதையும் கூடும். அளவோடு எடுத்தால் பெரிய கேடில்லை, அளவு மீறினால் கேடு என்றது குழு. தடை வேண்டாம், உரிமமும் வரியும் போதும் என்றும் சொன்னது. இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனா தம்பி, அது 130 வருசத்துக்கு முந்தின செடி. இப்போதைய ரகங்கள் போதைக்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தவை. பல மடங்கு வீரியம். நெஞ்சு படபடக்கும், ஞாபகம் தடுமாறும், காரணமில்லாத பயம் வரும். வளர்ற வயசுல தொடர்ந்து பிடித்தால் மனநோய்க்கான ஆபத்தும் கூடும்.

நம்ம தோட்டத்துக் கதையையும் சேர்த்துப் பாருங்க. பால்மரம் வெட்டின ஜனங்களுக்குத் தோட்டத்திலேயே கள்ளுக்கடை வைத்தார்கள். ஒரு கையில் வாங்கிய சம்பளம் அந்தக் கடையிலேயே போச்சு. 1947-ல் பக்கத்துப் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம்.சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. போலீஸோடு மோதல், கைது, எல்லாம் நடந்தது. படிப்பறிவு குறைந்த அந்தத் தொழிலாளர்களுக்கு ஒன்று நல்லாத் தெரிந்திருந்தது: நாம் மயங்கிக் கிடந்தால் லாபம் வேறு யாருக்கோ.

இன்று கடைக்காரன் கைப்பேசியில் வருகிறான். ஆனா அடி வாங்குவது அவன் இல்லை. நம் நாட்டுச் சட்டப்படி 200 கிராம் கஞ்சா கையில் இருந்தாலே கடத்தல்காரன் என்று அனுமானம். கட்டாய மரண தண்டனை 2023-ல் நீங்கியது. ஆனாலும் நீதிபதி தூக்கு விதிக்கலாம், இல்லையென்றால் ஆயுள் சிறையும் பிரம்படியும். வீட்டில் செடி வளர்த்தாலும் ஆயுள் தண்டனை வரை போகும்.

பெற்றோர்களே, பிள்ளை கேட்டால் கோபப்படாமல் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். ஏற்கனவே பழகிவிட்ட பிள்ளை இருந்தால் ஒதுக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கோயில் வாசல் அவனுக்கும் திறந்தே இருக்கும். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கூட்டி வாங்க, உட்கார்ந்து பேசுவோம்.

திருச்சிற்றம்பலம்.