ஓடி வந்த வெள்ளை அணுக்கள்

போன மாதம் ஒரு நாள் காலை, கடற்கரைச் சாலையில் வேக நடையை முடித்துவிட்டு, வியர்வை காய்வதற்குள் ரத்தம் கொடுக்கப் போனேன். வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது. மாலையில் ரிப்போர்ட் வந்தது. வெள்ளை அணுக்கள் 12,400. 11,000-க்கு மேல் போகக் கூடாது என்று பக்கத்திலேயே அச்சடித்திருந்தார்கள். என் அண்ணன் ரத்தப் புற்றுநோயில் போனவர். அன்றிரவு வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, தூங்கவும் இல்லை.

மறுநாள் டாக்டரம்மா, காய்ச்சல் உண்டா என்று கேட்டுவிட்டு, “சார், நடந்துட்டு நேரா போனீங்களா?” என்றார். ஆமாம் என்றேன். இரண்டு நாள் கழித்து, நடக்காமல், அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி கொடுக்கச் சொன்னார். 8,100 வந்தது.

பள்ளிக்கூடத்தில் ‘குளோபுல் பிளான்’ என்று பிரெஞ்சில் படித்த பாடத்தில், கிருமி புகுந்தால் வெள்ளை அணு கூடும் என்று இருந்தது. அது பாதிக் கதைதான். மீதியைத் தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தான் 1897-இல் தொடங்கியது. அதில் ஓடிய சிலரின் ரத்தத்தைச் சோதித்து, லாரபீ என்ற டாக்டர் 1902-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஓடி முடித்தவர்களின் வெள்ளை அணுக்கள் பல மடங்கு கூடியிருந்தன. எந்த வகை அணு கூடியது என்று பார்த்தாலும், அழற்சி கண்ட நோயாளியின் ரத்தம் போலவே இருந்தது. ஓடியவர்களோ நோயாளிகள் அல்லர்.

காரணம் பின்னால் தெளிவானது. நம் ரத்தக் குழாய்களில் உள்ள நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்களில் ஏறக்குறைய பாதி, திண்ணையில் சாய்ந்திருப்பவர்கள் போலக் குழாய்ச் சுவரில் ஒட்டியே இருக்கும். ஊசியில் வருவது ஓடும் ரத்தம் மட்டுமே. வேகமாக நடந்தால் அட்ரினலின் சுரக்கிறது, ரத்த ஓட்டம் விரைகிறது. சாய்ந்திருந்தவை எழுந்து ஓடுகின்றன. மண்ணீரலில் இருப்பவையும் சேர்ந்துகொள்கின்றன. புதிதாகப் பிறந்தவை அல்ல. ஓய்வெடுத்தால் எண்ணிக்கை பழையபடி இறங்கிவிடும். மணிக்கணக்கில் ஓடினால்தான் கார்ட்டிசால் சுரந்து, எலும்பு மஜ்ஜையிலிருந்தும் அணுக்களை வெளியே வரவழைக்கிறது.

அப்படியானால் தினசரி நடையால் என்ன பயன்? 2019-இல் அதே பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் எலிகளிடம் ஒன்றைக் கண்டார்கள். சில வாரங்கள் சக்கரத்தில் ஓடிய எலிகளுக்குக் கொழுப்பிலிருந்து சுரக்கும் லெப்டின் குறைந்தது. மஜ்ஜையும் அழற்சிக்கு வித்திடும் வெள்ளை அணுக்களை அளவாகவே உண்டாக்கியது. அதனால் கிருமி தாக்கியபோது எதிர்க்கும் சக்தி குறைந்துவிடவில்லை. ஒரு நாள் ஓட்டம் அணுக்களைக் கிளப்பிவிடுகிறது. பழக்கமான ஓட்டம் மஜ்ஜையை அமைதிப்படுத்துகிறது.

ஆகவே நண்பர்களே, நடையை விடாதீர்கள். ரத்தம் கொடுக்கும் நாளில் மட்டும் கொடுத்த பிறகு நடங்கள். இரண்டாம் முறையும் எண்ணிக்கை கூடுதலாக வந்தால், நடை மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். என்னைப் போல ஓர் இரவு முழுக்க ஒளித்து வைக்கவும் வேண்டாம்.