தரிசு நிலத்துல புல் வளர்த்தா எரிபொருள் கிடைக்குமா? அமெரிக்கா கற்ற பாடமும் நம்ம ஊர் நேப்பியரும் - முழு விளக்கம்

மக்காச்சோளமும் கரும்பும் விளையும் நல்ல நிலத்தை எரிபொருளுக்குக் கொடுத்துவிட்டால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பதிலாக விஞ்ஞானிகள் முன்வைத்த பயிர்தான் புல். வேறெதுவும் சரியாக விளையாத மண்ணில் ஒருமுறை நட்டால் பல வருஷம் அறுக்கலாம், அதிலிருந்து எத்தனால், கேஸ், மின்சாரம் எடுக்கலாம் என்றார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. நடைமுறையில் என்னாச்சு?

எந்தப் புல்?

அமெரிக்காவில் இதற்குத் தேர்வானது 'ஸ்விட்ச்கிராஸ்'. அந்நாட்டுப் புல்வெளிகளில் தானாகவே வளரும் உயரமான புல் இது. வேர் 3 மீட்டர் ஆழம் வரை இறங்கும். ஒருமுறை விதைத்தால் 10 ஆண்டுகளுக்கு மேல் நிற்கும். பிரிட்டனில் 'மிஸ்காந்தஸ்' என்ற புல்லை வளர்த்து, காயவைத்து, மின் நிலையங்களில் எரிக்கிறார்கள்.

வருஷா வருஷம் உழ வேண்டியதில்லை என்பதால் மண் அரிப்பு குறைகிறது. ஆழமான வேர், கார்பனை மண்ணுக்குள் சேர்க்கிறது. இன்னொரு விஷயமும் இருக்கிறது. குளிர்காலம் நெருங்கும்போது இந்தப் புல் தன் தண்டிலும் இலையிலும் உள்ள சத்தில் கணிசமான பங்கை வேருக்கு அனுப்பிவிடும். அதன்பிறகு காய்ந்த புல்லை அறுத்தால், மண்ணின் சத்து அதிகம் வெளியே போகாது. உரச்செலவும் குறையும்.

வயலில் ஜெயித்ததா?

ஜெயித்தது. நெப்ராஸ்கா, வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா மாநிலங்களில் 10 பண்ணைகளின் வளம் குறைந்த நிலத்தில் 5 ஆண்டுகள் ஸ்விட்ச்கிராஸ் வளர்த்துப் பார்த்தார்கள். 2008ல் முடிவு வெளியானது. ஏக்கருக்கு ஆண்டுக்குச் சுமார் 2 முதல் 4.5 டன் வரை காய்ந்த புல் கிடைத்தது. இதை எத்தனாலாக மாற்றினால், செலவழித்த புதைபடிவ எரிபொருளின் ஆற்றலைவிட 5 மடங்குக்கும் அதிகமான ஆற்றல் கிடைக்கும், பசுங்குடில் வாயு வெளியேற்றம் பெட்ரோலைவிட 94 சதவீதம் குறையும் என்று கணக்கிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது 'மாற்றினால்' என்ற வார்த்தை. புல் வயலில் விளைந்தது நிஜம். எத்தனால் பகுதி வெறும் கணக்குதான்.

ஆலையில் ஏன் தோற்றது?

2006ல் அப்போதைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், நாடாளுமன்ற உரையிலேயே ஸ்விட்ச்கிராஸ் பெயரைச் சொன்னார். இந்த வகை எத்தனால் 6 ஆண்டுகளில் சந்தைக்கு வரும் என்றார். 2007ல் சட்டமும் வந்தது. புல், தட்டை, மரத்தூள் போன்றவற்றிலிருந்து 2022ல் 1,600 கோடி கேலன் எரிபொருள் என்பது இலக்கு. கடைசியில் வந்தது அதில் 5 சதவீதம்கூட இல்லை. வந்ததிலும் பெரும்பகுதி குப்பைக் கிடங்குகள் போன்ற இடங்களில் பிடிக்கப்பட்ட வாயுதான்.

காரணம் எளிது. மக்காச்சோளத்தில் இருப்பது மாவுச்சத்து. அதைச் சர்க்கரையாக்குவது சுலபம். புல்லில் இருப்பது செல்லுலோஸ். அதைச் சுற்றி லிக்னின் என்ற கெட்டியான பொருள் பின்னியிருக்கும். அதை உடைக்கவே தனிச் செலவு. போதாததற்கு, புல் கட்டு இடத்தை அடைக்கும், எடை குறைவு. தூரத்திலிருந்து லாரியில் கொண்டுவந்தால் கட்டுப்படியாகாது. அயோவாவில் மக்காச்சோளத் தட்டையிலிருந்து எத்தனால் எடுக்க 2015ல் டூபாண்ட் திறந்த பெரிய ஆலை, 2017ல் மூடப்பட்டது.

விவசாயி பக்கம் பார்த்தால் சிக்கல் இன்னும் பெரிது. ஸ்விட்ச்கிராஸ் முழு விளைச்சல் தர 2, 3 ஆண்டுகள் ஆகும். ஆலை இல்லாமல் யாரும் புல் நட மாட்டார்கள். புல் இல்லாமல் யாரும் ஆலை கட்ட மாட்டார்கள்.

நம்ம ஊர்ல என்ன நிலவரம்?

இந்தியாவில் 2003ல் இதே நம்பிக்கையோடு வந்தது காட்டாமணக்கு. தரிசில் நட்டு, 2011-12க்குள் டீசலில் 20 சதவீதம் கலக்கலாம் என்றார்கள். தண்ணீரும் உரமும் இல்லாத இடத்தில் செடி உயிரோடு நின்றது, காய்தான் போதுமான அளவு காய்க்கவில்லை.

இப்போது பேசப்படுவது கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். 2018ல் தொடங்கிய மத்திய அரசின் 'சதத்' திட்டம் 5,000 அழுத்தப்பட்ட உயிர்வாயு ஆலைகளை இலக்காக வைத்தது. நேப்பியரும் அதற்கு ஒரு மூலப்பொருள். இங்கே புல்லைப் பச்சையாகவே சாண எரிவாயு போல நொதிக்க வைத்து வாயு எடுப்பதால், லிக்னின் தொல்லை குறைவு.

ஆனா ஒரு வித்தியாசம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-4 ரகம் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 380 முதல் 400 டன் பசும்புல் தரும் என்பது பாசன நிலத்துக் கணக்கு. முதல் அறுவடை 75 முதல் 80 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. பச்சையாக அறுப்பதால் சத்தும் புல்லோடு போய்விடும். தண்ணீரும் எருவும் விட்டால்தான் அந்த 400 டன். மானாவாரித் தரிசில் அதை எதிர்பார்க்க முடியாது.

'சும்மா கிடக்கும்' நிலம் யாருடையது?

அரசுக் கணக்கில் தரிசு என்று எழுதப்பட்ட இடம், ஊரில் ஆடு மாடு மேயும் புறம்போக்காக இருக்கலாம். சொந்த நிலம் இல்லாதவர்களுக்கு விறகும் தீவனமும் தருவது அதுதான். அதை வேலி போட்டு எரிபொருளுக்குக் கொடுத்தால், நஷ்டம் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

நடும் முன் கேட்க வேண்டியவை

* நிலத்தில் வருஷம் முழுக்கத் தண்ணீர் இருக்கிறதா?
* ஆலை எத்தனை கிலோமீட்டர்? அறுப்புக்கூலி, லாரி வாடகை யார் பொறுப்பு?
* விலை எழுத்தில் இருக்கிறதா, எத்தனை ஆண்டுக்கு?
* ஆலையில் மிஞ்சும் கழிவு எருவாக வயலுக்குத் திரும்புமா?
* ஆலை நின்றுவிட்டால் புல்லை மாட்டுக்காவது விற்க முடியுமா?

கடைசிக் கேள்விக்கு மட்டும் நேப்பியரிடம் நல்ல பதில் இருக்கிறது. அது முதலில் மாட்டுத் தீவனம்தான். மற்ற நான்குக்கும் பதில் கிடைத்த பிறகு கரணையை ஊன்றுவதே பாதுகாப்பு.