மண்மேட்டை இடிக்க முதல்

சைக்கிள் எண்டால் எங்கட அப்பாமாருக்கு 90களின் பொருளாதாரத் தடைதான் ஞாபகம் வரும். பெற்றோல் இல்லை. சந்தைக்கு விறகும் ஆஸ்பத்திரிக்கு நோயாளியும் சைக்கிளிலதான் போன காலம். ஆனால் சைக்கிள் பாய்ச்சல் விளையாட்டாக மாறின கதை வேறு இடத்தில் தொடங்குது.

1969 யூலை 10, லொஸ் ஏஞ்சலீஸ், பாம்ஸ் பூங்கா. மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டிகளைப் பார்த்து ஆசைப்பட்ட பெடியள், தங்கட சின்னச் சைக்கிள்களில் போட்டிக்கு நிண்டாங்கள். பூங்கா ஊழியர் ரொனால்ட் மக்லர், அவரும் ஒரு பெடியன்தான், அவங்களைக் கலைக்கவில்லை. போட்டியை ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். பிஎம்எக்ஸின் தொடக்கங்களில் ஒண்டாக அந்த நாளைச் சொல்வார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அது பதக்க விளையாட்டு.

2020 கொரோனா முடக்கத்தில் இங்கிலாந்துப் பெடியள் பற்றைக் காடுகளுக்குள் மண்வெட்டியால் மேடுகள் கட்டினாங்கள். பல உள்ளூராட்சி சபைகள் அவற்றை இடித்துச் சமப்படுத்தின. காரணம் இல்லாமல் இல்லை. யாரும் விழுந்தால் காணிக்குப் பொறுப்பான சபைதான் வழக்குக்குப் பதில் சொல்லவேணும், மரவேரும் சேதமாகும். ஆனால் மேடு போனாலும் ஆசை போகாது. வேறு காடு தேடுவாங்கள், இல்லாட்டி றோட்டுக்கு இறங்குவாங்கள்.

யாழ் மாவட்டத்தில் 17 சபைகள். 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு எல்லாத்திலயும் நாங்கள் தெரிவுசெய்த உறுப்பினர்கள் இருக்கினம். பெரிய அரங்கு கேட்கேல்லை. ஒரு துண்டு வெறுங்காணி, நாலு லோட் மண், மக்லர் மாதிரி ஒரு ஆள். அவ்வளவுதான்.